கன்னத்தில் ஒதுங்கிய கறுப்பு மிட்டாய்

எல்லெகோர் மனநல மருத்துவமனை வாசலில் அந்தக் குளிர்காலம் முழுக்கத் திருவிழாக் கூட்டம். எண்ணெய்த் தட்டுப்பாட்டால் ஞாயிற்றுக்கிழமை கார் ஓட்டக் கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. அதற்கெல்லாம் டென்மார்க்காரர்கள் அசருவார்களா? ஃபியூன் தீவின் மூலைமுடுக்குகளிலிருந்து சைக்கிளில் வந்து இறங்கினார்கள். ஒருவர் சோர்ந்துபோன மனைவியைப் பின்னால் உட்கார வைத்து, எதிர்க்காற்றில் மூச்சு வாங்க மிதித்துக்கொண்டு வந்தார். எல்லாம் ஃப்ரூடோல் மாத்திரைக்காக. மனச்சோர்வை வேரோடு பிடுங்கிவிடுமாம்.

மாத்திரையைவிடப் பெரிய அதிசயம் ஒன்றும் அங்கே இருந்தது. அது புரொபசர் ஹோல்கர் டாம்ஸ்கோவின் கண். சோதனையில் சேர்ந்த நோயாளிகளில் பாதிப் பேருக்கு நிஜ மாத்திரை, மீதிப் பேருக்கு அதே நிறத்தில் சுண்ணாம்பு மாத்திரை. யாருக்கு எது என்பது பூட்டிய பெட்டிக்குள் இருந்தது. நோயாளிக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. ஆனால் புரொபசர் ஆளை ஒரு பார்வை பார்ப்பார். தேறிவிட்டார், தேறவில்லை என்று தீர்ப்புச் சொல்வார். முதல் குழுவின் பெட்டியைத் திறந்தபோது, அவர் தேறியதாகச் சொன்னவர்கள் எல்லாம் ஃப்ரூடோல் விழுங்கியவர்கள். ஒரு பத்திரிகை அந்தக் கண்ணை மட்டும் முதல் பக்கத்தில் பெரிதாகப் படம் போட்டது. காவி கட்டினால்தான் சாமியாரா? வெள்ளைக் கோட்டும் அந்த வேலையைப் பார்க்கும்.

மனச்சோர்வு மருந்துகளை எப்படிச் சோதிப்பது என்று நாட்டுக்கே விதிமுறை எழுத அரசு ஒரு குழு போட்டிருந்தது. படித்தவர்கள், பெரியவர்கள். சுருட்டுப் புகைக்கு நடுவே, கறுப்பு ரொட்டி மேல் ஹெர்ரிங் மீனை அடுக்கித் தின்றுகொண்டே விதி எழுதினார்கள். 'அனுபவம் மிக்க மருத்துவரின் கண்ணே போதுமான அளவுகோல்' என்பதை முதல் விதியாக்க வேண்டும் என்றார் புரொபசர். எல்லாத் தலைகளும் ஆடின. ஆடாத தலை டாக்டர் போடில் வெஸ்டர்கோருடையது மட்டும்தான்.

போடிலுக்கு அதற்குச் சொந்தக் காரணமும் ஒன்று இருந்தது. அவளுடைய அக்கா ரிக்மோர் மாத்திரைச் சோதனையின் இரண்டாவது குழுவில் ஒரு நோயாளி. தேவாலயத்தில் ஆர்கன் வாசிப்பவள். பழைய மருந்து ஒன்றில் மெல்ல மெல்லத் தேறி, மறுபடி வாசிக்கக்கூட ஆரம்பித்திருந்தாள். பத்திரிகையில் அந்தக் கண்ணைப் பார்த்தாளோ இல்லையோ, பழையதை விட்டுவிட்டு இங்கே வந்து சேர்ந்துவிட்டாள். இதை விதி எழுதும் குழுவின் தலைவர் ஓலுஃப்சனிடம் போடில் முதல் நாளே சொல்லியிருந்தாள்.

"சாப்பிட்டியா அக்கா?" என்றாள் போடில், வார்டில் அவள் கட்டிலருகே உட்கார்ந்து.

"பசிக்கல."

"புரொபசர் நீ நல்லாத் தேறிட்டேன்னு எழுதியிருக்காரே."

"எழுதுவாரு. என்னையா பார்த்தாரு? இந்த மாத்திரை போட்டதுலேர்ந்து வாய் வறண்டு போவுது. அதான் மிட்டாயை அடக்கிக்கிட்டு உள்ள போனேன். கன்னத்தைப் பார்த்தாரு, சிரிச்சாரு, கையைக் குலுக்கினாரு. காலைல கண்ணு முழிக்கவே பிடிக்கலைன்னு சொல்ல வாயெடுத்தேன். அதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க."

"பழைய மருந்தையே குடுங்கன்னு கேக்க வேண்டியதுதானே?"

"கேட்டேன் போடில். தேறினவளுக்கு மருந்தை எதுக்கு மாத்தணும்ங்கறாங்க."

ரிக்மோர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். போடிலுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன. அப்போதுதான் சுற்றிலும் பார்த்தாள். பாதிக் கட்டில்களில் கன்னம் உப்பியிருந்தது, பாதியில் இல்லை.

அந்தத் தீவில் வாய் வறண்டால் யாரும் தண்ணீரைத் தேட மாட்டார்கள். உப்புப் போட்ட அதிமதுர மிட்டாயைத்தான் தேடுவார்கள். தார்க்கட்டி போல் கறுப்பாக இருக்கும். வெளியூர்க்காரன் வாயில் போட்டால் துப்பிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பான். ஃப்ரூடோல் நாக்கை வறள வைக்கும், சுண்ணாம்பு வைக்காது. பெட்டியைப் பூட்டி என்ன பயன்? சாவி ஊரறிய ஒவ்வொரு கன்னத்திலும் இருந்தது. புரொபசருக்கு இது தெரிந்திருக்குமா என்றால், கெட்டிக்கார ஏமாற்றுக்காரன் தன்னையும் சேர்த்துத்தான் ஏமாற்றிக்கொள்வான்.

விதியில் கையெழுத்துப் போடும் முன் அந்தக் கண்ணின் மகிமையை நேரில் பார்க்கக் குழு மருத்துவமனைக்கு வந்தது.

"புரொபசர், உங்க கண்ணுக்கு ஒரு சின்னப் பரிட்சை வைக்கலாமா?" என்றாள் போடில்.

"தாராளமா வைங்க டாக்டரம்மா. பாவம், உங்களுக்கும் நம்பிக்கை வரணுமில்ல."

"மனசைப் பத்தி மட்டும் கேளுங்க. வாய், வயிறு பேச்சு எடுக்கக் கூடாது. ஆளுங்களை உள்ள அனுப்பறது நாங்க."

"ஆட்டைக்கூட அனுப்புங்க, சொல்லிடறேன்" என்றார் புரொபசர். குழு கைதட்டிச் சிரித்தது.

வெளி வராந்தாவில் போடில் நோயாளிகளிடம் விஷயத்தைச் சொன்னாள். டாக்டருக்கே பரிட்சை என்றதும் அந்த வார்டில் ரொம்ப நாளைக்குப் பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. எல்லோரும் சம்மதித்து வாயைக் கொப்பளித்தார்கள். தலைவர் ஓலுஃப்சன் ஒவ்வொருவருக்கும் நாணயம் சுண்டினார். தலை விழுந்தால் மிட்டாய், பூ விழுந்தால் இல்லை. ரிக்மோருக்குப் பூ விழுந்தது.

உப்பிய கன்னத்தோடு முதலில் ஒரு கிழட்டு மீனவர் போனார்.

"எப்படி இருக்கீங்க?"

"நேத்து மாதிரிதான். நாசமா."

"அடக்கமா சொல்றாரு" என்று புரொபசர் குழுவைப் பார்த்துக் கண் சிமிட்டினார். "முகத்துல ஒளி வந்திருக்கு பாருங்க. தேறிட்டாரு."

குழுவும் பார்த்தது. ஒளி தெரிந்தது. பெரிய மனிதர் இருக்கிறது என்று சொல்லிவிட்டால், தெரியாமல் எங்கே போகும்?

பின்னால் ரிக்மோர் வந்தாள். கன்னம் ஒட்டிக் கிடந்தது.

"காலைல கண்ணு முழிக்கவே பிடிக்கல ஐயா" என்றாள்.

"கேளுங்க, எவ்வளவு தெளிவா சொல்றாங்க. துளிகூடத் தேறல. இவங்களுக்குப் போனது சுண்ணாம்பு" என்றார் புரொபசர். அக்கா சொன்னதை அந்த அறையில் ஒருவர் காதில் வாங்கியது அதுதான் முதல் தடவை.

கடைசியாக மருத்துவமனை அங்கி போட்ட ஒரு தொந்திக்காரர் மிட்டாயைச் சப்பியபடி வந்து உட்கார்ந்தார்.

"தூக்கம் எப்படி?"

"அதுக்கென்ன, உக்காந்த எடத்துலயே தூங்குவேன்."

"பசி?"

"வரும்போதுதான் பன்றி வறுவல் ஒரு தட்டு உள்ள தள்ளினேன்."

புரொபசர் எழுந்து அவர் தோளைத் தட்டினார். "இதுதான் ஃப்ரூடோல். இவர் வந்து சேர்ந்தப்ப எப்படி இருந்தாருன்னு நினைக்கறீங்க? படுத்த படுக்கை."

"நான் இன்னைக்குக் காலைலதான் ஐயா வந்தேன்."

"நோய் விலகினதும் பழசெல்லாம் மறந்துடும். நல்ல அறிகுறி."

ஓலுஃப்சன் தொண்டையைக் கனைத்தார். "புரொபசர், இவரு எவால்ட். என்னோட கார் டிரைவர்."

பெட்டியைத் திறந்தார்கள். மீனவருக்குப் போனது சுண்ணாம்பு. ரிக்மோருக்குப் போனது அசல் ஃப்ரூடோல். மற்றவர்களிலும் அப்படித்தான்: மிட்டாய் கிடைத்தவன் தேறினவன், கிடைக்காதவன் தேறாதவன். மாத்திரைக்கும் தீர்ப்புக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை.

"இந்த அம்மாவைப் போன வாரம் நல்லாத் தேறிட்டாங்கன்னு நீங்களே எழுதியிருக்கீங்க" என்றார் ஓலுஃப்சன். "அதே ஆளு, அதே மாத்திரை. மிட்டாய் மட்டும்தான் இல்ல."

புரொபசர் கைக்குட்டையால் அந்தப் புகழ்பெற்ற கண்ணைத் துடைத்தார். "ஒருவேளை மிட்டாய்லயே ஏதாவது மருந்துச் சத்து இருக்கலாம். அதையும் சோதிச்சுப் பார்க்கணும்."

"பார்க்கலாம். மார்க்குப் போட மட்டும் நீங்க வர வேண்டாம்."

முதல் விதி அன்றே குப்பைக் கூடைக்குப் போனது. வாய் வறள்கிறதா என்று கேட்பவர் ஒருவர், மனசை மதிப்பிடுபவர் வேறொருவர், இருவரும் பேசிக்கொள்ளக் கூடாது. போலி மாத்திரையும் அதே மாதிரி வாயை வறள வைக்க வேண்டும். டாக்டர் வாய் திறக்கும் முன் நோயாளி சொல்வதை நோயாளியின் வார்த்தையிலேயே எழுத வேண்டும். இப்படிப் புது விதிகள் பிறந்தன. தேறவில்லை என்று புரொபசரே தீர்ப்புச் சொல்லிவிட்டதால், ரிக்மோருக்குப் பழைய மருந்தைத் திருப்பிக் கொடுக்க யாருக்கும் தடையில்லை.

போடில் வெளியே வந்தபோது செய்தி அவளுக்கு முன்னால் வாசலை எட்டியிருந்தது. புரொபசரின் வண்டவாளம் அம்பலமானதில் கூட்டம் கொஞ்சமாவது வெட்கப்பட்டிருக்கும் என்று நினைத்தாள். மனைவியைப் பின்னால் வைத்து மிதித்து வந்த சைக்கிள்காரர் ஓடி வந்து வழி மறித்தார்.

"டாக்டரம்மா, மிட்டாய் சாப்பிட்டவங்க எல்லாம் தேறிட்டாங்களாமே. அது எந்தக் கடை மிட்டாய்? என் பொண்டாட்டிக்கு எத்தனை குடுக்கணும்?"

அதற்குள் பாதிக் கூட்டம் மிட்டாய்க் கடையைப் பார்த்து சைக்கிளைத் திருப்பியிருந்தது. போடில் பின்சீட்டில் உட்கார்ந்திருந்த பெண்ணைப் பார்த்தாள். குளிரில் உதடு நீலம் பாரித்திருந்தது.

"அவங்களுக்கு எப்படி இருக்குன்னு அவங்களையே கேட்டீங்களா?"

"அதை டாக்டர்தானே சொல்லணும்?"

"இவ்வளவு தூரம் மிதிச்சு வந்திருக்கீங்க. காலு நல்லாத்தான் வேலை செய்யுது" என்றாள் போடில். "தலைக்கும் கொஞ்சம் வேலை குடுங்க. திரும்பி உங்க பொண்டாட்டியைக் கேளுங்க. அதுக்கு மாத்திரையும் வேணாம், மிட்டாயும் வேணாம்."