பத்து போல்ட்டுக்கு ஒரு குரூப் போட்டோ

பத்து போல்ட்டில் எந்த நாலு என்று போட்டோக்காரருக்குத் தெரியவில்லை.

காலையில் தெரிந்திருந்தது. முதலாளியம்மா ஒர்க்‌ஷாப்பை விட்டுக் கிளம்பும்போது, ஒரு அட்டையில் வரிசையாகக் குத்தி நிறுத்தியிருந்த போல்ட்டுகளைக் காட்டி, ஒன்றுக்கு இரண்டு தடவை சொல்லிவிட்டுத்தான் போனார்.

"இந்தப் பத்தும் எஞ்சின் தலையை உடம்போட சேர்த்துப் பிடிக்கிற போல்ட்டு. இந்த நாலு இறங்குற ஓட்டைக்குக் கீழ தண்ணி ஓடுது. அதனால இதோட மரையில சீலன்ட் பசை தடவணும். இல்லன்னா தண்ணி மரை வழியா ஏறி வந்துடும். மத்த ஆறும் அடி மூடின ஓட்டை. அதுக்கு மரையில ரெண்டு சொட்டு, தலைக்கு அடியில ஒரு சொட்டு எண்ணெய். அவ்வளவுதான். அதிகமா ஊத்தினா அடியில தேங்கி, இறுக்கும்போது எஞ்சின் உடம்பே விரிசல் விட்டுடும்."

"சரிங்கம்மா."

"நான் லேத்துக்குப் போய் தலையைச் சமன் பண்ணிட்டு மூணு மணிக்கு வந்துடறேன். நாளைக்கு இந்த வேன்லதான் டயாலிசிஸ்காரங்க ஆஸ்பத்திரிக்குப் போகணும். ஞாபகம் இருக்கட்டும்."

போட்டோக்காரருக்கு வயது நாற்பத்தெட்டு. ஸ்டூடியோவை மூடி எட்டு மாதம் ஆகிறது. இந்த வயதில் யார் புதுசாக வேலை கற்றுத் தருவார்கள் என்று அலைந்ததில், இந்த அம்மா ஒருவர்தான் "ஒரு நாள் வந்து பாருங்க" என்றார். அந்த ஒரு நாள் இன்றுதான்.

போல்ட்டுகளில் பழைய பசையும் கரியும் அப்பியிருந்தன. அழுக்கின்மேல் தடவ அவருக்கு மனசு வரவில்லை. பத்தையும் பிடுங்கி, மண்ணெண்ணெயில் ஊறவைத்து, பிரஷ்ஷால் தேய்த்து, மேஜைமேல் நிறுத்தினார். இருபத்தைந்து வருடப் பழக்கம் போகுமா? உயரமானதெல்லாம் பின்வரிசை, குட்டையானதெல்லாம் முன்வரிசை. தள்ளி நின்று பார்த்தால் பள்ளிக்கூட குரூப் போட்டோ மாதிரியே இருந்தது. ஆசைக்குச் செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.

பசை டியூபைக் கையில் எடுத்தபோதுதான் உறைத்தது. பின்வரிசையில் ஐந்து, முன்வரிசையில் ஐந்து. நாலு எங்கேயும் இல்லை.

வீட்டுக்குப் போன் போட்டார்.

"படம் எடுத்திருப்பீங்களே, அதுல பாருங்க," என்றாள் மனைவி.

"எடுத்தேன். இடம் மாத்தினதுக்கு அப்புறம்."

"சரி, எல்லாத்துக்கும் பசையைத் தடவிடுங்க. தண்ணி எங்க இருந்தா என்ன, எதுலயும் ஏறாதில்ல?"

நல்ல யோசனையாகத்தான் பட்டது. பத்துக்கும் தடவி முடித்தபிறகு, ஆறுக்கு எண்ணெய்தான் என்று முதலாளியம்மா சொன்னது காதில் ஒலித்தது. பனியன் துணியை எடுத்து அவசர அவசரமாகத் துடைத்தார். பாதி காய்ந்த பசையில் நூல் நூலாக ஒட்டிக்கொண்டு, பத்து போல்ட்டுக்கும் தாடி முளைத்தது.

தாடியை எடுக்கச் சோப்புத் தண்ணீரில் போட்டார். தாடி போயிற்று. வெயிலில் காயவைத்துவிட்டு வந்து பார்த்தால், மரையில் செம்புள்ளிகள். துரு! அதை மறைக்க ஒரு கிண்ணம் நிறைய எண்ணெய் ஊற்றிப் பத்தையும் முக்கி எடுத்தார். ஒன்று கை வழுக்கி, அலமாரிக்கு அடியில் உருண்டோடியது. தரையில் குப்புறப் படுத்து, கையை நீட்டித் துழாவி, அகப்பட்டதையெல்லாம் எண்ணெய்க் கிண்ணத்திலேயே போட்டு எண்ணினார்.

பதினொன்று.

மறுபடி எண்ணினார். பதினொன்றுதான். இதில் வேண்டாத விருந்தாளி யார் என்று முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. எல்லாமே எண்ணெய் வழிய மின்னின.

மறுபடி போன்.

"பாத்தாக் கண்டுபிடிச்சுடுவாங்களா?" என்று மனைவி மெல்லக் கேட்டாள்.

"மாட்டாங்கன்னு நினைக்கிறேன். எல்லாம் ஒரே மாதிரிதான் மின்னுது."

"அப்போ பேசாம இருந்துடுங்களேன். எட்டு மாசத்துக்கு அப்புறம் ஒரு வேலை வந்திருக்கு."

அவர் போனை வைத்தார். எதிரே வேனின் கதவு திறந்து கிடந்தது. ஒரு சீட்டில் யாரோ முதுகுக்கு வைத்துக்கொள்ளும் சின்னத் தலையணை. இன்னொன்றின் கம்பியில், பிடித்து ஏறுவதற்காகத் துணி சுற்றியிருந்தது. அது பல கைகள் பிடித்துப் பிடித்துக் கறுத்துப்போயிருந்தது.

மூன்று மணிக்கு முதலாளியம்மா வந்தார். கொண்டுவந்த தலையை இறக்கிவைத்துவிட்டுக் கையைத் துடைத்தபடி கேட்டார். "என்னங்க, எல்லாம் சரியா இருக்கா?"

'சரி' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. போட்டோக்காரர் அதை விழுங்கினார்.

"இல்லம்மா. எது எந்த ஓட்டைக்குன்னு எனக்குத் தெரியாது. கழுவினேன், பசை தடவினேன், துடைச்சேன், துரு ஏறிடுச்சு, எண்ணெய்ல முக்கினேன். இப்போ ஒண்ணு அதிகமா வேற இருக்கு. தயவுசெஞ்சு இதை மட்டும் வேன்ல மாட்டிடாதீங்க."

முதலாளியம்மா கிண்ணத்தைப் பார்த்தார். அவரைப் பார்த்தார். கிண்ணத்தை எடுத்து, போல்ட்டுகளைப் பழைய இரும்பு டப்பாவில் கொட்டினார். தடதடவென்று அவை விழுந்தன. பிறகு அந்த அம்மா சட்டென்று திரும்பி உள்ளே போய்விட்டார். போகும்போது தோள் குலுங்கியது. அவ்வளவு கோபம்!

சொல்லாமல் கொள்ளாமல் போவதுதான் மரியாதை. போட்டோக்காரர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டார். மனசு என்னவோ லேசாகத்தான் இருந்தது. வாசலில் ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு, உதிரிபாகக் கடைக்காரர் கையில் ஒரு புதுப் பெட்டியோடு உள்ளே வந்தார். இரும்பு டப்பாவை எட்டிப் பார்த்தார். போட்டோக்காரரின் முகத்தைப் பார்த்தார். வாய்விட்டுச் சிரித்தார்.

"டிபன் பாக்ஸைக் கீழ வைங்கண்ணே, இந்த வேனுக்கு நான் கொண்டுவந்த புது போல்ட்டுதான்; அந்தப் பழசு வேலை கேட்டு வர்றவங்களுக்குன்னே அக்கா வச்சிருக்கறது, உங்களுக்கு முன்னாடி வந்த மூணு பேருமே குழப்பிட்டு 'எல்லாம் சரியா இருக்கு'ன்னு சொல்லிட்டாங்க!"