ஒரே ஒரு போல்ட் பாக்கி

பழைய கார் வைத்திருப்பவர்கள் ஒரு ரகம். பழைய காருக்கு வாழ்க்கைப்பட்டவர்கள் இன்னொரு ரகம். இந்த இரண்டாவது ரகத்தை நீங்கள் கட்டாயம் பார்த்திருப்பீர்கள். முகத்தை அல்ல. காருக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் கால்களை.

அப்படி ஒரு ஜோடிக் கால்களுக்குச் சொந்தக்காரர் ஒரு பல் டாக்டர். ஊரார் வாயில் ஆடும் பல்லை அவர்கள் 'ஐயோ' என்பதற்குள் பிடுங்கிவிடுவார். தன் காரில் ஆடிய இன்ஜினைத்தான் அடக்க முடியவில்லை. இன்ஜினைத் தாங்கும் மவுண்டிங் ரப்பர்கள் நைந்துபோய், ஸ்டார்ட் செய்தாலே வண்டி குளிர்ஜுரம் வந்ததுபோல் உதறியது. கடை ரப்பரைப் போட்டால் அரை நாள் வேலை. அது அவருக்கு ஒப்புமா? "கண்ட ரப்பரையும் என் வண்டி ஏத்துக்காது" என்று சொல்லி, அவரே வெட்டி, அவரே ஒட்டி, பொருந்தாமல் அவரே பிய்த்து, மறுபடியும் வெட்டி, இன்ஜினைச் சங்கிலியில் தொங்கவிட்டு மாதக்கணக்காகத் தாலாட்டினார்.

போதாக்குறைக்கு, மகளின் பதிவுத் திருமணத்துக்கு அந்தக் காரில்தான் அழைத்துப்போவதாக வாக்கு வேறு கொடுத்திருந்தார். அன்று காலையிலும் அடியில்தான் கிடந்தார்.

"ஏங்க, நேரமாச்சு," என்றாள் மனைவி.

"ஒரே ஒரு போல்ட் பாக்கி."

மகள் கல்யாண உடையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு குனிந்தாள். "அப்பா, வாடகைக் கார் வந்துருச்சு. எங்ககூடவே வந்துருங்களேன்."

"நீங்க முன்னாடி போங்கம்மா. பின்னாலேயே வந்துடறேன். சாட்சிக் கையெழுத்து நான்தானே போடணும்?"

போனார்கள். காத்திருந்தார்கள். பதிவாளர் தொண்டையைச் செருமினார், கடிகாரத்தைப் பார்த்தார், மறுபடியும் செருமினார். கடைசியில் அப்பா போடவேண்டிய கையெழுத்தை வாடகைக் கார் டிரைவர் போட்டார். நல்ல மனிதர். கையெழுத்தும் முத்து முத்தாக இருந்தது.

வீடு திரும்பியபோது காரின் இன்ஜின் ஓசையடங்கி ஓடிக்கொண்டிருந்தது. பானெட்டின்மேல் தளும்பத் தளும்ப ஒரு தம்ளர் தண்ணீர். டாக்டரின் முகமெல்லாம் கிரீஸ். கிரீஸுக்கு நடுவே பெருமை.

"இங்க பாரும்மா. ஒரு சொட்டாவது அசையுதா?"

மகள் தம்ளரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அசையலப்பா," என்றாள். "நீங்களும்தான் அசையல."

அவள் உள்ளே போய்விட்டாள். டாக்டர் தம்ளரை எடுத்துவிட்டு, பானெட்டில் பதிந்திருந்த ஈர வட்டத்தை அக்கறையாகத் துடைத்தார்.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள், தப்பில்லை. ஆமாம், சற்று முன் உள்ளேயிருந்து யாரோ உங்களைக் கூப்பிட்டார்களே? 'இந்தப் பக்கத்த முடிச்சுட்டு வர்றேன்' என்றீர்களே? பக்கம் முடிந்துவிட்டது. கூப்பிட்டவர் இன்னும் அங்கேயே இருக்கிறாரா என்று போய்ப் பாருங்கள்.