கடைசி வரியில் பொடி எழுத்து

இந்த முறை நான் முதலில் இறங்கி வரப் போவதில்லை என்று சபதம் எடுத்தேன். கல்யாணமான நாளிலிருந்து எல்லா விவகாரத்திலும் முதலில் இறங்கி வந்தவன் நான்தான். இறங்கி இறங்கி, இனிமேல் இறங்குவதற்குப் படிக்கட்டே பாக்கி இல்லை.

விவகாரம் இதுதான். என் மனைவி கண் ஆஸ்பத்திரியில் பார்வை சோதிப்பவள். மேலே யானை சைஸில் ஓர் எழுத்து, கீழே எறும்பு சைஸில் ஒரு வரி. "கடைசி வரியைப் படிங்க" என்று வருகிறவர்களை எல்லாம் மிரட்டுவது அவள் உத்தியோகம். வேறொரு ஊரில் புதுக் கிளை திறந்தபோது அவளை ஒரு வருஷம் அங்கே போகச் சொன்னார்கள். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருந்தார். எனக்கு வீரம் வந்துவிட்டது.

"தாராளமா போயிட்டு வா. நான் இருந்துக்குவேன்."

இருந்தேன். எப்படி இருந்தேன் என்று மட்டும் கேட்காதீர்கள். கண்ணாடி முன்னால் அவள் விட்டுப்போன சீப்பு இருந்தது. அதில் வாரினால் அதில் சிக்கியிருந்த அவளுடைய ஒற்றை முடி போய்விடுமே என்று ஐந்து விரலால் தலையைக் கோதிக்கொண்டு ஆபீஸ் மீட்டிங்கில் உட்கார்ந்தேன். ஆபீஸ் என்றால் எங்கள் சாப்பாட்டு மேஜைதான். கடைகளுக்கு பில் போடும் மென்பொருள் எழுதுவது என் வேலை.

தினமும் ஃபோனில் பேசுவோம்.

"சாப்டீங்களா?"

"ஆச்சு. நீ?"

"ஆச்சு. மோட்டர் போட்டீங்களா?"

"போட்டேன்."

"நிறுத்தினீங்களா?"

"ஐயோ, இரு வரேன்."

எங்கள் காதல் பேச்சு முழுவதும் இவ்வளவுதான். மாடித் தொட்டி மட்டும் தினமும் நிரம்பி வழிந்தது.

அப்போதுதான் அவளுடைய கிளையில் எல்லாரும் சேர்ந்து ஒரு புது மாதிரி சமூக வலைக்குப் போனார்கள். அது எந்தக் கம்பெனிக்கும் சொந்தமில்லை. ஆளாளுக்கு ஒரு சர்வர் கம்ப்யூட்டர் வைத்திருப்பார்கள், சர்வர்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ளும். அதைப் பார்ப்பதற்கு யார் வேண்டுமானாலும் சொந்தமாக ஓர் ஆப், அதாவது ஒரு ஜன்னல், செய்துகொள்ளலாம். நான் செய்ய உட்கார்ந்தேன். எதிர் வீட்டுப் பல் டாக்டர் வந்து எட்டிப் பார்த்தார்.

"ஓனரே கிடையாதா?"

"கிடையாது டாக்டர்."

"அப்ப வீடு யாரோடது?"

"யாரோடதும் இல்லை."

"ஜன்னல் மட்டும் உங்களோடது?"

"ஆமா."

"உங்க வீட்டை விட மோசமா இருக்கே. இங்கயாவது ஓனர் இருக்காங்க, வெளியூர் போயிருக்காங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பல் பிடுங்குகிற கைக்கு வாயும் அப்படித்தான் இருக்கும்.

ஏற்கெனவே ஆயிரம் ஜன்னல்கள் இருக்கும்போது எனக்கு எதற்குத் தனியாக ஒன்று? அவற்றிலெல்லாம் உலகமே கத்திக்கொண்டிருக்கும். என்னுடையதில் அவள் ஒருத்திதான் தெரிவாள். அவள் ஒரு வரி எழுதினால் போதும், மணி அடிக்கும். பல் தேய்த்துக்கொண்டிருந்தாலும் நுரையோடு ஓடி வருவேன். அதற்கு 'எட்டிப்பார்' என்று பெயர் வைத்தேன். பெருமையாக ஃபோனில் சொன்னேன்.

"நான் ஒரு ஜன்னல் கட்டறேன். பேரு எட்டிப்பார்."

"ம்" என்றாள். "மோட்டரை நிறுத்தினீங்களா?"

காதிலேயே வாங்கவில்லை என்று எனக்கு அழுகையே வந்தது. அந்த வாரமே இடி விழுந்தது.

"இன்னும் ஒரு வருஷம் இங்கயே இருக்க முடியுமான்னு கேக்கறாங்க. அடுத்த மாசக் கடைசிக்குள்ள சொல்லணும். நீங்க என்ன சொல்றீங்க?"

"வந்துடு" என்று சொன்னால் முடிந்தது. மொத்தமே நான்கு எழுத்து. தொண்டை வரை வந்தது. சபதம் நடுவில் குறுக்கே படுத்திருந்தது.

"உன் இஷ்டம்" என்றேன்.

"சரி" என்றாள். அந்தச் 'சரி'யின் தலையும் வாலும் எனக்குப் புரியவில்லை. அவள் மனசில் என்ன இருக்கிறது என்று தெரிந்தே ஆகவேண்டும். நேராகக் கேட்டால் நான் இறங்கி வந்ததாகிவிடும். அதனால் 'வழிப்போக்கன்' என்று ஒரு பெயரில் கணக்குத் தொடங்கி, எட்டிப்பார் வழியாக உள்ளே போனேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று அவள் எழுதியிருந்தாள்: "இன்னிக்கு ஒருத்தர் புதுக் கண்ணாடி போட்டதும் மனைவியைப் பார்த்து, 'நீ எப்ப இவ்வளவு நரைச்சே?'ன்னு கேட்டார்."

வழிப்போக்கன் கேட்டான்: "அந்த அம்மா என்ன சொன்னாங்க?"

"'நீங்க என்னைப் பார்த்து அவ்வளவு நாளாச்சா?'ன்னாங்க."

"உங்க வீட்டுக்காரர் எப்படி?"

"தங்கமானவர். மோட்டர் பத்தி ரொம்ப நல்லாப் பேசுவார்."

வலித்தது. ஆனால் ஆள் சிக்கிவிட்டாள். மெல்ல மெல்ல அவளிடமிருந்து விஷயம் கறந்தேன். படுக்கையறை முழுக்க அவருடைய பழைய ஒயர் மூட்டைகள், கால் வைக்க இடமில்லை என்றாள். மறுநாளே மூட்டைகளைக் காலி செய்தேன். சமையலறைக் குழாய் சொட்டுகிறது, அந்தச் சத்தத்தை நினைத்தாலே வீட்டுக்கு வரப் பிடிக்கவில்லை என்றாள். குழாயை மாற்றினேன். அவருக்குச் சட்டை மடிக்க வராது என்றாள். வீடியோ பார்த்து மடித்துப் பழகினேன். பாவம், தன் ரகசியத்தையெல்லாம் யாரிடம் கொட்டுகிறோம் என்றே தெரியாமல் கொட்டுகிறாளே என்று அவள் மேல் எனக்கு இரக்கம்கூட வந்தது.

ஒரு சாயங்காலம் துணிந்து கேட்டேன்.

"அவரை நினைச்சுப்பீங்களா?"

"ஏன் கேக்கறீங்க?"

"நானும் மனைவியைப் பிரிஞ்சுதான் இருக்கேன்."

"நீங்க அவங்களை நினைச்சுப்பீங்களா?"

விரல் என்னைக் கேட்காமலே எழுதிவிட்டது: "காலையில கண்ணைத் திறக்கறதுக்கு முன்னாடி கை பக்கத்துல தேடும். ரெண்டு தட்டு எடுத்து வெச்சுட்டு, ஒண்ணைத் திரும்ப உள்ளே வைப்பேன். தெருவுல யாராவது அவளை மாதிரி சிரிச்சா நின்னுடுவேன். வீடு ரொம்பப் பெருசா இருக்கு."

மணி அடிக்கவே இல்லை. டம்ளரில் இருந்த டீ ஆறிப்போன பிறகு அடித்தது.

"இதை அவங்ககிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"நாக்கு வரலை."

"விரல் நல்லா வருதே" என்றவள், கூடவே இன்னொன்றும் எழுதினாள்: "என் வீட்டுக்காரர் இதுல ஒரு வரி சொன்னாக்கூடப் போதும்."

அன்று ராத்திரி முழுவதும் எனக்கு அந்த வழிப்போக்கன் மேல் பொறாமை. ஊரான் பெண்டாட்டியிடம் இவனுக்கு என்ன இத்தனை உருக்கம்? கணக்கை மூடிவிடலாமா என்று யோசிக்கும்போதே அடுத்த மணி அடித்தது.

"அவர் கண்ணாடி மாத்திப் பல வருஷம் ஆச்சு. பார்வை சோதிக்கிறவ புருஷன், பஸ் நம்பரே தெரியாம கையைக் காட்டறார். வெளியில சொன்னா வெக்கம்."

அடுத்த நாளே ஓடிப்போய்க் கண்ணை சோதித்துப் புதுக் கண்ணாடி வாங்கினேன். மாசக் கடைசி நெருங்கிவிட்டது. குழாய், ஒயர், சட்டை, கண்ணாடி எல்லாம் தயார். இனி அவளே தானாக வந்துவிடுவாள், என் சபதமும் பிழைத்துக்கொள்ளும் என்று ஞாயிற்றுக்கிழமை காலையில் ஜோராக எட்டிப்பாரைத் திறந்தேன்.

வழிப்போக்கனின் ஒவ்வொரு பதிவுக்கும் கீழே எப்போதும் ஒரு சாம்பல் கோடு இருக்கும். பதிவுகளைப் பிரிக்கிற கோடு என்று இத்தனை நாளும் நினைத்திருந்தேன். புதுக் கண்ணாடியில் அது கோடாக இல்லை. பொடிப் பொடி எழுத்தாக இருந்தது. எந்த ஜன்னல் வழியாக எழுதினாலும் அதன் பெயர் அடியில் ஒட்டிக்கொண்டு போவது அந்த வலையின் வழக்கம். அந்தப் பெயரை முதல் நாள் நானே என் கையால் நிரப்பி, அப்படியே மறந்திருக்கிறேன்.

உலகத்தில் அந்த ஜன்னலுக்கு இருப்பது ஒரே ஓர் ஆள்.

பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்கத் தொடங்கினேன். ஓனர் இல்லாத ஊரில் யாரிடம் போய் அழிக்கச் சொல்வது? இங்கே அழித்தால் இன்னொரு சர்வரில் இருந்தது. ஃபோன் அடித்தது.

"புதுக் கண்ணாடி எப்படி இருக்குங்க?"

"நான் வாங்கினது உனக்கு எப்..." என்று ஆரம்பித்து நானே வாயை மூடிக்கொண்டேன். "நல்லாருக்கு."

"கடைசி வரி தெரியுதா?"

"தெரியுது."

"படிங்க."

"எட்டிப்பார் வழியாக."

"கரெக்ட்" என்றாள், நோயாளியிடம் சொல்வது போலவே.

"எப்பலேர்ந்து தெரியும்?"

"முதல் பதிவுலேர்ந்து. நீங்கதானே பேரு சொன்னீங்க? நான் 'ம்'னு கேட்டுக்கிட்டேனே. எங்க ஆஸ்பத்திரியே படிக்குது. டீ நேரத்துல, 'உங்க வழிப்போக்கர் இன்னிக்கு என்ன எழுதினார்?'னு கேக்கறாங்க."

எனக்கு மானம் போனது உறைக்கவே இல்லை. அவள் கேட்டிருக்கிறாள். நான் சொன்னதை அவள் காதில் வாங்கியிருக்கிறாள். அந்த ஒரு 'ம்' போதும் எனக்கு.

"வழிப்போக்கன் சொன்னதை நீங்க சொல்லுங்க பார்ப்போம்."

"வந்துடு" என்றேன். "நீ இல்லாம என்னால இருக்க முடியலை. ஒரு நாள்கூட முடிஞ்சதில்லை."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. பிறகு சொன்னாள்: "முடியாதுன்னு ஆஸ்பத்திரியில, நீங்க ரெண்டு தட்டு பத்தி எழுதின அன்னிக்கே சொல்லிட்டேன். அடுத்த வாரம் வரேன்."

"அன்னிக்கேவா? அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லாம இருந்தே?"

"சொன்னா நீங்க எழுதறதை நிறுத்திடுவீங்களே. உங்ககிட்டேர்ந்து இதையெல்லாம் கேக்க நான் எத்தனை வருஷமா காத்துக்கிட்டிருக்கேன்? அது சரி, நான் வரும்போது வழிப்போக்கரும் வீட்ல இருப்பார் இல்லையா?"

"இருப்பான். எங்க போவான்?"

"நல்லதாப் போச்சு. ஒருத்தர் பாத்திரம் கழுவட்டும், ஒருத்தர் வீடு பெருக்கட்டும்."

ஓனர் ஊர் திரும்புகிறார். நானும் வழிப்போக்கனும் இருக்கிற ஒரே துடைப்பத்தை எங்கே வைத்தோம் என்று தேடிக்கொண்டிருக்கிறோம்.