நுரை சேர் மூடாத குடுவை

மனிதர்களைக் கரைப்பான் வாரியாகப் பிரித்து வைத்திருந்தவர் இந்த உலகத்திலேயே எங்கள் நுரை சேர் என்ற வாத்தியார் ஒருவர்தான். எழுபதுகளின் கடைசியில் கல்முனைப் பாடசாலை ஒன்றில் அவர் இரசாயனவியல் படிப்பித்தார்; நான் வரலாறு.

கொழும்பு நண்பர் ஒருவர் அவருக்குச் சின்னப் போத்தல் ஒன்றில் சோடியம் போரோஐதரைட்டு கொடுத்திருந்தார். வெள்ளைத் தூள். மெதனோலில் போட்டால் உடனே சீறி ஐதரசன் குமிழிகளாகப் பொங்கும். எதனோலில் ஆறுதலாக நுரைக்கும். தண்ணீரிலும் மெல்ல மெல்ல உடைந்து வாயுவை விடும். கொஞ்சம் காரம் சேர்த்தால் அடங்கிக் கிடக்கும், அமிலம் பட்டால் போச்சு. அந்தப் போத்தல் வந்தபின் அவருக்கு நுரை என்று பட்டம் விழுந்தது; ஊரில் எவரும் அவர் வாய்க்குத் தப்பவில்லை.

"நம்ம பள்ளிக்கூட அதிபர் மெதனோல், மச்சான். தொட்டதும் பொங்குவார். பஸ் கொண்டக்டர் எதனோல். நீ தண்ணி. எப்ப நுரைப்பாயெண்டே தெரியாது," என்பார் என்னிடம்.

"அப்ப நீ?"

"நான் தூள்."

இரசாயனவியலில் தனக்குப் பிழை வராது என்பது அவருடைய வீம்பு. சமன்பாட்டில் ஓர் இலக்கம் விட்டுப்போனதை மாணவி ஒருத்தி காட்டியபோது, சோக்குக்கட்டி வழுக்கிவிட்டது என்று சாதித்தார்.

பாலமுனையில் அவருக்கு ஒரு பெண் பேசினார்கள். அந்தப் பிள்ளையை சேருக்கு அவ்வளவு பிடித்துவிட்டது. கொஞ்ச நாள் எவரையும் மெதனோல் என்று சொல்லவில்லை. அந்த நேரம் பார்த்து எவனோ, மாப்பிள்ளையின் அலுமாரி நிறைய அற்ககோல் இருப்பதாகப் பெண்ணின் தகப்பனார் காதில் போட்டுவிட்டான். அவர் பள்ளிவாசலை நிருவகிக்கும் மரைக்கார், தன் தாய்வழிக் குடிக்கே பெரியவர். நேரில் வந்து பார்த்தபிறகுதான் முடிவு என்று சொல்லி அனுப்பினார்.

அவர் வருவதற்கு முதல் நாள் மாலை, காட்டப்போவதை நுரை சேர் ஆய்வுகூடத்தில் ஒத்திகை பார்த்தார். கொஞ்சத் தூளைத் தண்ணீரில் கரைத்து, காலையில் எவ்வளவு நுரை மிஞ்சும் என்று பார்க்கக் குடுவையைத் திறந்தபடியே விட்டுப் போனார். கதவைப் பூட்ட நின்ற எனக்கு அந்தித் தொழுகைக்கான மஃரிப் பாங்கு கேட்டது. பொழுது பட்டால் பாத்திரம் எதுவும் திறந்து கிடக்கக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம். றப்பர் தக்கை ஒன்றை எடுத்து, பிஸ்மி சொல்லி, இறுக்கி மூடினேன்.

காலையில் மரைக்கார் வந்தார். சேர் மெதனோல் போத்தலைக் காட்டினார்.

"இது நஞ்சு மாமா. குடிச்சாக் கண் போயிரும்."

"அப்ப இது?" என்று மரைக்கார் குடுவைப் பக்கம் குனிந்து, மணந்து பார்க்கத் தக்கையில் விரல் வைத்தார்.

டொப்! தக்கை அவருடைய தொப்பியையும் தட்டிக்கொண்டு கூரையில் போய் மோதியது.

"யா அல்லாஹ்! இதை ஆரு மூடின?"

சேர் குடுவையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். வாயு விடும் கரைசலை இறுக்கி மூடுவது அவருடைய மாணவர்கள்கூட விடாத பிழை.

"நான்தான் மாமா," என்றார் சேர். "மஃரிபு நேரம், துறந்து கிடக்கப்படாதெண்டு மூடிட்டன். உள்ளுக்க வாயு சேருமெண்டு நினைக்கல்ல. என்ட பிழை."

மரைக்கார் தொப்பியைத் தட்டிப் போட்டுக்கொண்டு என் பக்கம் திரும்பினார்.

"சாராயம் குடிக்கிறவனுக்கு மஃரிபுல பாத்திரம் மூடுற நெனப்பு வருமா தம்பி?"

"வராது மரைக்கார்," என்றேன். அன்று நான் பேசியது அவ்வளவுதான். பயந்து நின்றதற்கு இன்றும் வெட்கப்படுகிறேன்.

கலியாணம் நடந்தது. எங்கள் பக்க வழக்கப்படி சேர் பெண்வீட்டில் குடியேறினார். அங்கே மருமகனின் பக்தி பெரும் புகழ் பெற்றிருந்தது. பல வருடம் கழித்து ஒரு மாலை அங்கே போயிருந்தேன். பாங்கு சொன்னதும் சேரின் மனைவி உள்ளிருந்து கூப்பிட்டார்: "மூட வாங்க!"

நுரை சேர் எழுந்து, குசினியில் சட்டி, பானை, கிளாஸ் என்று ஒவ்வொன்றாக மூடிக்கொண்டு வந்தார். முகத்தில் கடுகளவு சலிப்பும் இல்லை. பார்த்திருக்க முடியாமல் நானும் எழுந்து கடைசித் தண்ணீர்ப் பானையின் மூடியை எடுத்தேன்.

"இறுக்காத மச்சான்," என்றார்.