பொருளில்லா அட்டைக்காரர் எழுதிக்கொண்டது

பெரிய காஞ்சிபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

வாலாஜாபாத்தில் இருக்கும் மச்சான் கந்தனுக்கு, உன் அக்காள் புருஷன் குமரகுரு ஆசீர்வதித்து எழுதிக்கொண்டது. ஏகாம்பரநாதர் புண்ணியத்தில் இங்கு எல்லாம் சுகம், உன் அக்காள் வடிவாம்பாளின் கண்ணைத் தவிர.

நீ போனில் சொன்ன யோசனையை யோசித்தேன். செவிலிமேட்டில் புதிதாக வந்த கண் ஆஸ்பத்திரியில் அரிசி கார்டு இருந்தால் புரை ஆபரேஷனுக்குப் பாதிக் கட்டணமாம், கண்ணாடி இலவசமாம், வாசலுக்கு வேன் வேறு வருமாம். என் கார்டில் அரிசி இல்லாததால் அக்காள் பேரை எடுத்து உன் கார்டில் சேர்க்கலாமாம். நல்ல மூளை. பட்டுச் சங்கத்தில் மேலாளராக இருந்தபோது, 'எனக்கு அரிசி வேண்டாம், ஏழைகளுக்குக் கொடுங்கள்' என்று எழுதிக்கொடுத்து, எந்தப் பொருளும் இல்லாத அட்டையாக மாற்றிக்கொண்டவன் நான். தாலுகா ஆபீசில் அதிகாரி எழுந்து நின்று கைகொடுத்தார். நீ மட்டும்தான் 'ஏன் மாமா வம்பு?' என்றாய்.

இப்போது ஊரைப் பார். ரேஷன் அரிசியை வாங்கிக் கோழிக்குப் போட்டவனெல்லாம் கார்டைச் சட்டைப்பையில் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு அலைகிறான். அதைக் காட்டினால் ஜவுளிக்கடையில் தள்ளுபடி, மண்டபத்தில் தள்ளுபடி, எங்கள் தெரு பிரியாணிக் கடையில் முட்டை ஒன்று கூடுதல். எதிர்வீட்டு சத்யராஜ் இரண்டு மாடி கட்டிக் கார் நிறுத்தியிருக்கிறான். கார்டு மட்டும் அரிசி கார்டு. அந்தக் காரிலேயே மாமியாரை ஏற்றிக்கினு போய்ப் பாதி விலையில் கண்ணைத் திறந்துக்கினு வந்தான். கேட்டால், "குடுக்கறாங்க, வாங்கிக்கிறேன். உங்களுக்கு ஏன் சார் எரியுது?" என்கிறான். எனக்கு எரியவில்லை என்று ஒரு மணி நேரம் நின்று அவனுக்கு விளக்கினேன்.

ஆனாலும் போன வாரம் உன் அக்காள் திருநீறு என்று கோலமாவை எடுத்துக் கொடுக்க, நானும் பட்டையாகப் பூசிக்கொண்டு கோயில்வரை போய்விட்டேன். குருக்கள் சிரித்தார். அதன்பின் நானே அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். சங்கீதா என்று பேர் குத்தியிருந்த பெண் என் கார்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தாள். "இதுல ஒண்ணுமே இல்லையே சார். அப்புறம் எதுக்கு இத்த வச்சிக்கினு இருக்கீங்க?" வரிசையில் இருபது பேர். விட்டுக்கொடுத்தவனுக்கும் கிடைக்காதவனுக்கும் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

ஆகவே என் முடிவு: தை மாதம் டெபாசிட் முதிர்ந்ததும் முழுக் கட்டணம் கட்டியே செய்வேன். உன் அக்காளுக்கும் சம்மதம்தான். நான் பேசி முடிக்கும்வரை வாயே திறக்கவில்லை. அவள் பேர் என் கார்டைவிட்டுப் போகாது, எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட மாட்டேன்.

குழந்தைகளுக்கு என் ஆசி. உன் வீட்டில் எந்த அரிசி வெந்தாலும் குழையாமல் வேகட்டும்.

இப்படிக்கு,
குமரகுரு

பி.கு.: கவரை ஒட்டும்போது போனில் சேதி வந்தது. என் கார்டிலிருந்து ஓர் உறுப்பினர் நீக்கப்பட்டாராம். நான்கு நாள் முன்பு வந்த ஓடிபியை, கேஸ் சிலிண்டருக்கென்று நினைத்து, உன் அக்காளுக்குக் கண் தெரியாதே என்று நானேதான் இரண்டு தடவை உரக்கப் படித்துச் சொன்னேன். எதிர்வீட்டில் கேட்டால், ஆன்லைனில் மனுவைத் தட்டியவன் சத்யராஜாம். அவன் காரில்தான் இப்போது உன் வீட்டுக்கு வந்துகொண்டிருக்கிறாளாம். நீயும் போனை எடுக்கவில்லை. கந்தா, உன் வீட்டுப் படி அவள் கண்ணுக்குத் தெரியாது, கையைப் பிடித்து இறக்கு. இந்தக் கடிதத்தை அடுத்த பஸ்ஸில் நானே கொண்டுவருகிறேன். ஆபரேஷனுக்குப் புருஷன் கையெழுத்துக் கேட்பார்கள். அதை மட்டும் வேறு யாரையும் போட விடாதே.