முள்ளம்பன்றிக்குச் செந்நாய் சொன்ன சாட்சி

ஒரு காட்டில், ஆறு வருடத்துக்கு முன் முடிந்துபோன போருக்குப் பதக்கம் கொடுக்கப் போவதாகப் புலி ராஜா அறிவித்தார்.

அந்தக் காலத்தில் பதக்கம் கிடையாது. போர் முடிந்ததும் வீரருக்கு ஆளுக்கொரு இறைச்சித் துண்டு. இலை தின்னும் வீரர்கள் முகம் சுளித்தார்கள். சில சமயம் அந்தத் துண்டு அவர்களுடைய சித்தப்பாவாக இருந்தது. அதன் பிறகுதான் மரப்பட்டைப் பதக்கம் வந்தது. அது தொங்கும் நாரில் பச்சைக் கோடு காட்டைக் குறிக்கும். சிவப்புக் கோடு, சிந்திய ரத்தத்தை.

வேலப்பன் என்ற முள்ளம்பன்றியும் விண்ணப்பத்தோடு போனான். மேற்குக் காட்டுச் செந்நாய்கள் ஆற்றைக் கடந்து வந்த அன்று, கரையேறும் ஒற்றையடிப் பாதையை ஒரு பகல் முழுக்கத் தனியாக மறித்து நின்றவன் அவன். அவனோடு நின்ற மற்றவர்கள் ஓடிவிட்டார்கள். திரும்பி வந்ததும், "நீ அங்க இருந்தியா என்ன?" என்று அவனையே கேட்டார்கள். அவன் மனைவிகூட இப்போதெல்லாம் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள்.

பதக்க அலுவலகம் ஒரு மரப்பொந்து. உள்ளே இருவாச்சி அம்மாள். வெளியே தெரிவது அலகு மட்டும்.

"நேர்ல பார்த்த சாட்சி எங்கே?" என்றது அலகு.

"எல்லாரும் ஓடிட்டாங்கம்மா."

"ஓடினவங்க எல்லாரும் பதக்கம் வாங்கிட்டாங்களே! முயலுக்கு மான் சாட்சி, மானுக்கு முயல் சாட்சி. நீங்க ஏன் தனியா நின்னீங்க?"

"என்னைப் பார்த்தது எதிரி மட்டும்தாம்மா."

அலகு சற்று யோசித்தது. "எந்தப் பக்கத்துச் சாட்சின்னு விதியில போடலை."

செந்நாய்க்கு முள்ளம்பன்றி என்றால் உயிர். அதுதான் பயம். ஆனாலும் வேலப்பன் ஆற்றைக் கடந்தான். அக்கரை ஏறியதுமே சடையன் எதிரே வந்து நின்றான். அன்று முதலில் பாய்ந்த செந்நாய் அவன்தான். வேலப்பனின் முள் ஒன்று இன்னும் அவன் தோளில் இருந்தது.

"உன்னைத்தான்யா நாலு மாசமாத் தேடறேன்!" என்றான் சடையன்.

வேலப்பனின் முட்கள் எல்லாம் எழுந்து நின்றன.

சடையன் பொறுமையாக கழுத்தில் தொங்கிய விண்ணப்பச் சுருளை எடுத்துக் கீழே வைத்தான். "எங்க காட்டுலயும் பதக்கம் தர்றாங்க. இந்த முள்ளு போர்ல குத்துனதா, நானே போய் விழுந்ததான்னு கேக்கறாங்க. குத்துனவர் அத்தாட்சி வேணுமாம்."

இருவரும் மணலில் உட்கார்ந்து கால்நாட்டு வைத்தார்கள். போகும்போது சடையன் சொன்னான்: "ஆனா ஒண்ணுய்யா. நாங்க பதினோரு பேரு. அன்னிக்கு நீ ஒரு அடிகூட நகரலை."

ஆறு வருடத்தில் வேலப்பனிடம் இதை யாரும் சொன்னதில்லை. முட்கள் ஒவ்வொன்றாகத் தணிந்தன. வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதை மூன்று தடவை சொன்னான். மூன்று தடவையும் அவள் எழுந்து போகவில்லை.

செய்தி பரவியது. மறுவாரம் ஆற்றங்கரையில் இரண்டு காட்டு வீரர்களும் குவிந்தார்கள். போரில்கூட அவ்வளவு கூட்டம் இல்லை. போர் முடிந்த பிறகு பிறந்த ஒரு நரி, எதிர்க்காட்டு ஓநாயிடம் பணிவாகக் கேட்டது: "ஐயா என்னை எங்கே கடிச்சீங்க?"

"உங்களுக்கு எங்கே வசதி?" என்றது ஓநாய்.

கடைசியாகப் பதக்க அலுவலகத்துக்குக் கரடி வந்தது. நிஜமாகவே பெரிய வீரன். "எங்கிட்ட வந்த மூணு பேரையும் ஒரே அடியில முடிச்சேன்மா!" என்று மார்தட்டியது.

"சந்தோஷம். அந்த மூணு பேர் கால்நாட்டு எங்கே?" என்றது அலகு.

கரடி வெற்று விண்ணப்பத்தோடு திரும்பி நடந்தது.

நீதி: போரில் எதிரியைக் கொன்றுவிடாதே, நீ வீரன் என்று எழுதிக் கொடுக்க வேறு யாரும் வரமாட்டார்கள்.