நூதனசாலைக்குப் போன என் கிளவுஸ்

சாய்ந்தமருது,
வெள்ளி, அஸர் தொழுகைக்குப் பிறகு.

அன்பும் மரியாதையும் நிறைந்த மச்சான் நூஹு அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கட்டார் வெயிலில் உங்கள் உடம்புக்கு ஒரு குறையும் வராமலிருக்க உங்கள் தங்கச்சி லைலாவும் நானும் துஆச் செய்கிறோம். நாங்கள் நல்ல சுகம். போனில் சொன்னால் நடுவில் வெட்டுப்படும், அதனால் எழுதுகிறேன்.

மச்சான், பழைய சாமான்களைக் காட்சிக்கு வைக்கக் கொழும்பில் புதிதாகத் திறக்கப்போகிற விளையாட்டு நூதனசாலைக்கு என் கோல் கீப்பர் கிளவுஸ் வேணுமாம். கோமாரி ஊர் அணியோடு நாங்கள் ஆடிய மாவட்ட இறுதிப் போட்டியில் போட்டதுதான். ஓம், தோற்ற போட்டிதான். பிறகு இலங்கை அணிக்கே போன அவர்களுடைய ஜீவராஜ் அன்றைக்கு ஐந்து கோல் அடித்தது உண்மை, ஆனால் அவன் அடித்து நான் பிடித்ததை இந்த ஊரில் எவன் சொன்னான்? நூதனசாலையிலிருந்து நிலாந்தினி என்றொரு மிஸ் போன் எடுத்து, "கழுவாதீங்க, தைக்காதீங்க, இருக்கிறபடியே வேணும்" என்றார். வீடு முழுக்கப் புரட்டிவிட்டு அடுப்படிக்குப் போனால், லைலா அதைக் கையில் மாட்டிக்கொண்டு சோற்றுப் பானை இறக்குகிறாள். "சும்மா கிடந்த சாமான்தானே" என்றாள். எனக்கு உயிர் போய் வந்தது.

பிறகு மிஸ் நேரிலேயே வந்துவிட்டார். என் கிளவுஸைத் தொடுவதற்கு அவர் ஒரு வெள்ளைக் கிளவுஸ் போட்டார் மச்சான், பிறந்த பிள்ளையைத் தூக்குவதுபோல் தூக்கினார், எனக்குக் கண் கலங்கிவிட்டது. "இந்தக் கறுப்பு என்ன?" என்று கேட்டார். மைதானத்துச் சேறு என்று நான் வாய் திறக்குமுன் லைலா, "அது எங்கட அடுப்புக் கரி, மிஸ்" எண்டுட்டாள். மிஸ் அதையும் சந்தோசமா எழுதிக்கிட்டா, சாமான்ட கதை உண்மையா இருக்கணுமாம். மறுகா ஜீவராஜைப் பத்தியே கேட்டுக்கிட்டிருந்தா, பாவம், விசயம் விளங்காத பிள்ளை, நான்தான் கதையை என்ட பக்கம் திருப்பிவிட்டன். இனித் திருப்பிக் கேட்கமாட்டன் எண்டு கையெழுத்தும் போட்டுக் குடுத்தாச்சு. இப்ப மீன்காரன்கூட என்னைக் 'கீப்பர்' எண்டுதான் கூப்பிடுறான்.

திறப்பு விழாவுக்குக் கட்டாயம் லீவு போட்டு வாங்க. குடும்பம் முழுக்கப் போக வேன் பேசிட்டன்.

உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத்தைப் பெருக்கி வைப்பானாக.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி மாப்பிள்ளை,
அச்சிமுகம்மது

பி.கு.: மச்சான், லீவு போடவேணாம். கண்ணாடிப் பெட்டியில ஒட்டப்போற எழுத்தை மிஸ் இப்பதான் வட்ஸ்அப்பில அனுப்பினா. மேல ஜீவராஜ்ட பெரிய படம். கீழ என்ட கிளவுஸ்: "ஜீவராஜின் ஐந்து கோல்களையும் தடுக்க முடியாமற்போன கையுறைகள்." வேனை நிப்பாட்டிட்டன். சாமானைத் திருப்பித் தாங்க எண்டும் கேட்டுப் பார்த்தன், தரேலாதாம். அதுக்குக் கீழ இன்னொரு வரியும் கிடக்கு: "மனமுவந்து வழங்கியவர்: அச்சிமுகம்மது, சாய்ந்தமருது."